கற்கால உணவும் நெடுந்தூர ஓட்டமும்

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று முன்னாளில் பொருள் கொள்வர். இந்நாளிலோ, பிரியாத குடும்பங்களிலும் இரண்டு சமையல் நடைபெறக் காண்கின்றோம். ஒருபுறம் சோறும் குழம்பும் கூட்டும்; மறுபுறம் 'பேலியோ' உணவு கொள்பவர்க்கென்று முட்டையும் இறைச்சியும் பாதாம் பருப்பும். இவ்வுணவால் உடல் இளைத்து நலம் பெற்றோரையும் நாம் அறிவோம். சில மாதங்களில் சலித்துப்போய்க் கைவிட்டோரையும் அறிவோம்.

குருசுக்குப்பத்திலிருந்து ஒரு தாய் எழுப்பியுள்ள வினாவை இம்மாதம் எடுத்துக்கொள்கின்றோம். அவருடைய கணவர் நீரிழிவு நோயாளர். மருத்துவரின் மேற்பார்வையில் பேலியோ உணவு கொண்டு எடை குறைந்தார். இரத்தச் சர்க்கரையும் குறைந்தது. மூத்த மகனோ நாள்தோறும் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகுபவன். 2008இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானில் முழுத் தொலைவையும் ஓடிவிட வேண்டுமென்பது அவனது ஆவல். "எனக்கு நன்மை செய்த உணவு உனக்குத் தீமையா செய்யும்?" என்று தந்தை கூற, மகனும் சோற்றை அறவே விட்டுவிட்டான். இரண்டு மாதங்கள் சென்றன. முன்பு எளிதாக ஓடிய தொலைவிலேயே கால் கனக்கின்றது என்கின்றான். "அப்பா சொல்வது சரியா, பிள்ளையின் கால் சொல்வது சரியா?" என்பதே தாயின் கேள்வி.

இவ்வினா ஒரு வீட்டோடு நிற்பதன்று. ஓடும் பிள்ளைகள் நம் பங்குகளில் பெருகிவருகின்றனர். காவலர் தேர்வுக்கும் படையில் சேர்வதற்கும் ஓடுவோர் உளர்; உடல்நலத்துக்காக ஓடுவோரும் உளர். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

பேலியோ என்பது யாது?

'பேலியோ' என்பது 'பழைய' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. ஈண்டுப் பழைய கற்காலத்தைக் குறிக்கின்றது. மனிதன் உழுது பயிரிடத் தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் இலட்சக்கணக்கான ஆண்டுகள் அவன் வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் வாழ்ந்தான். அவன் உடல் அவ்வுணவுக்கே அமைந்தது. ஆகவே தானியத்தையும் பருப்பையும் சர்க்கரையையும் விலக்கி அவனைப் போல் உண்பதே நலம் என்பது இக்கொள்கையின் சாரம். அமெரிக்க மருத்துவர் வால்டர் வோக்ட்லின் 1975இல் இதனை நூலாக எழுதினார். 1985இல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்னும் இருவர் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் இதனை ஆய்வுரையாக வெளியிட்டனர். 2002இல் லோரன் கார்டெய்ன் எழுதிய நூல் இதனை உலகெங்கும் பரப்பிற்று. தமிழரிடையே பரப்பியவருள் முதன்மையானவர் நியாண்டர் செல்வன்; அவர் எழுதிய 'பேலியோ டயட்' என்னும் நூலைப் பலர் வீடுகளில் காணலாம்.

இதில் ஒரு வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். கார்டெய்ன் பாலை விலக்கிப் பழங்களைத் தாராளமாக அனுமதிக்கின்றார். நம்மிடையே பரவிய முறையோ நெய், தயிர், பனீர் ஆகியவற்றை ஏற்றுக்கொண்டு, கிழங்குகளையும் இனிப்பு மிக்க பழங்களையும் விலக்குகின்றது. இதன் விளைவாக மாவுச்சத்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் அளவில் நின்றுவிடுகின்றது. சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே, நாள் முழுமைக்கும் ஒருபிடி அரிசியின் மாவுச்சத்தோடு இவர்கள் வாழ்கின்றனர் எனலாம். ஓடுபவனுக்கு இது போதுமா என்பதே நம் ஆய்வு.

கற்கால மனிதன் எதை உண்டான்?

கற்காலம் நமக்கு அயலான செய்தியன்று. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொற்றலை ஆற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்தின் தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தனர்.

ஆனால் கல் அழியாது, கிழங்கு அழிந்துவிடும். எலும்பு எஞ்சி நிற்கும், தேனடை நில்லாது. ஆகவேதான் கற்கால மனிதனைக் கையில் கோடரியும் தோளில் மானுமாக நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அண்மைக்கால ஆய்வுகள் இவ்வோவியத்தைத் திருத்துகின்றன. தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் 1,70,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் மாவுச்சத்து மிக்க கிழங்குகளைச் சுட்டு உண்டனர் என்பது 2020இல் வெளிப்பட்டது. கலிலேயக் கடலின் கரையில் ஒஹாலோ என்னுமிடத்தில், 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுக் கோதுமையையும் வாற்கோதுமையையும் திரட்டிக் கல்லில் அரைத்தமைக்குச் சான்று கிடைத்துள்ளது. உழவு தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முற்பட்ட செய்தி இது! இன்றும் வேட்டையாடி வாழும் ஆப்பிரிக்க ஹட்சா மக்கள் கிழங்கும் தேனும் நிறைய உண்கின்றனர். நீலகிரிக் குறும்பர் பாறைத்தேன் எடுப்பதை நாமும் கேள்வியுற்றிருக்கின்றோமன்றோ?

கற்கால மனிதன் ஓடவும் செய்தான். மனித உடலின் நீண்ட கால் தசைநாண்களும் வியர்வைச் சுரப்பிகளும் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்றவாறு அமைந்தவை என்று பிராம்பிள், லீபர்மன் என்னும் அறிஞர் 2004இல் எடுத்துரைத்தனர். கலஹாரிப் பாலைநிலத்து வேட்டுவர் கடும் வெயிலில் 25, 30 கிலோமீட்டர் மானைத் துரத்திக் களைக்கச் செய்து பிடிப்பதை லூயி லீபன்பர்க் நேரில் கண்டு 2006இல் பதிவு செய்தார். ஆயினும் அவ்வோட்டத்தின் வேகம் சராசரியாக மணிக்கு ஆறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. ஓட்டமும் நடையும் கலந்தது. மான் களைத்தால் போதும். கடிகாரத்தை வெல்ல வேண்டிய தேவை அவ்வேட்டுவனுக்கு இல்லை. இவ்வேறுபாடே நம் வினாவின் உட்கிடை.

உடலின் இருவகை எரிபொருள்

ஓடும் உடல் இரண்டு எரிபொருள்களைப் பயன்படுத்துகின்றது. ஒன்று கொழுப்பு, மற்றொன்று மாவுச்சத்து. நாம் உண்ட சோற்றின் சத்து 'கிளைக்கோஜன்' என்னும் வடிவில் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகின்றது. நன்கு உண்ட இளைஞனிடம் இச்சேமிப்பு 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். அதிலிருந்து கிடைப்பது 1,600 முதல் 2,000 கலோரி. ஓட்டத்துக்கு ஆகும் செலவோ, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 55 கிலோ எடையுள்ள இளைஞன் மாரத்தான் தொலைவாகிய 42.195 கிலோமீட்டரை ஓடி முடிக்க ஏறத்தாழ 2,300 கலோரி வேண்டும். நம் கடற்கரைச் சாலையின் நீளம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். அதனை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 28 முறை கடப்பதாக எண்ணிப் பார்த்தால் இத்தொலைவு விளங்கும்.

கொழுப்பின் சேமிப்போ மிகப் பெரிது. ஒல்லியான இளைஞனிடமும் 40,000 கலோரிக்கு மேல் கொழுப்பாக உள்ளது. அவ்வாறாயின் கொழுப்பைக் கொண்டே ஓடிவிடலாமே என்று தோன்றும். பேலியோ அன்பர்களின் வாதமும் இதுவே. ஆயின் இரண்டு இடையூறுகள் உள. முதலாவது, கொழுப்பு மெதுவாகவே எரியும். இரண்டாவது, அது மிகுதியான பிராணவாயுவைக் கேட்கும். ஒரே அளவு பிராணவாயுவைக் கொண்டு, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் ஆற்றலைவிடக் கொழுப்பிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. மூச்சு இரைக்கும் வேகத்தில் ஓடுபவனுக்கு இக்குறைவு பெரிதாகும். மெதுவாக ஓடினால் கொழுப்பு போதும். விரைந்தோட மாவுச்சத்து வேண்டும்.

சோதனைகள் கூறுவது

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 1924இல் பாஸ்டன் மாரத்தான் முடிவில் சில வீரர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தனர். தளர்ந்து மயங்கிய நிலையில் வந்தோரின் இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. மறு ஆண்டு, முந்தின நாள் மாவுச்சத்து நிறைய உண்ணவும், ஓடும்போது மிட்டாய் சுவைக்கவும் செய்தனர். அவ்வாண்டு அவ்வீரர்கள் நல்ல நிலையில் ஓடி முடித்தனர்.

1967இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள், மூவகை உணவு உண்டவர்களை ஒரே கடுமையில் மிதிவண்டி மிதிக்கச் செய்தனர். கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபோது அவர்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தனர். கலப்புணவு உண்டபோது இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாக நின்றனர். மாவுச்சத்து மிகுதியாக உண்டபோது மூன்று மணிக்கு அண்மையாகத் தாக்குப்பிடித்தனர். எனினும், சில நாள் பழக்கத்தால் உடல் மாறாது, பல வாரங்கள் பழகினால் மாறும் என்று மறுப்போர் கூறினர். அதிலும் உண்மை உண்டு. 1983இல் ஸ்டீபன் பின்னி என்பவர் ஐந்து மிதிவண்டி வீரர்களை நான்கு வாரம் கொழுப்புணவில் பழக்கினார். மிதமான வேகத்தில் அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சராசரியில் குறையவில்லை. ஆயினும் ஐவருள் சிலர் முன்னேறினர், சிலர் பின்தங்கினர். எல்லோர் உடலும் ஒன்றுபோல் இசையவில்லை.

போட்டி வேகத்தில் நடப்பது என்ன? ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் என்னும் அறிஞர், உலகத்தரம் வாய்ந்த நெடுந்தூர நடை வீரர்களை மூன்று வாரம் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார். கொழுப்புணவு உண்டோரின் உடல் கொழுப்பை எரிக்கும் திறனில் வியக்கத்தக்கவாறு உயர்ந்தது. ஆனால் அதே வேகத்துக்கு மிகுதியான பிராணவாயு தேவைப்பட்டது. பயிற்சியினால் பிறர் 10 கிலோமீட்டர் நடையில் 5, 6 விழுக்காடு முன்னேறியிருக்க, இவர்கள் முன்னேறவேயில்லை. 2020இல் வேறு வீரர்களைக் கொண்டு நடத்திய சோதனையும் இதனை உறுதி செய்தது.

உலகின் பெயர்பெற்ற ஓட்டக்காரர்களின் தட்டையும் காண்போம். கென்யாவின் வீரர்கள் 'உகாலி' என்னும் மக்காச்சோளக் களியையே நாள்தோறும் உண்கின்றனர். அவர்கள் கலோரியில் முக்கால் பங்கு மாவுச்சத்தே. மெக்சிகோ மலைகளில் நாட்கணக்கில் ஓடும் தாராஹுமாரா மக்களின் உணவும் மக்காச்சோளமும் மொச்சையுமே. இவற்றினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. 2005இல் அதே கார்டெய்ன், ஜோ ஃப்ரீல் என்னும் பயிற்சியாளரோடு சேர்ந்து விளையாட்டு வீரர்க்கென ஒரு பேலியோ நூல் எழுதினார். அதில் ஓட்டத்துக்கு முன்னும் ஓடும்போதும் ஓடி முடித்த பின்னும் மாவுச்சத்து உண்ண வேண்டுமென்று விதிவிலக்கு அளித்தார். கொள்கையை வகுத்தவரே ஓடுபவனுக்கு வாசலைத் திறந்துவிட்டார்!

தந்தைக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று

அவ்வாறாயின் பேலியோ உணவு தீயதா? அன்று. சர்க்கரையும் மைதாவும் எண்ணெயில் பொரித்த பொட்டலப் பண்டமும் நீங்கி, மீனும் முட்டையும் கீரையும் காய்கறியும் தட்டில் ஏறினால் எவர்க்கும் நன்மையே. 2009இல் சுவீடனில் நீரிழிவு நோயாளர் 13 பேரிடம் நடந்த சிறு ஆய்வில், மூன்று மாதப் பேலியோ உணவால் எடையும் இரத்தச் சர்க்கரையும் குறைந்தன. அதே நாட்டில் 70 பெண்களை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தபோது, ஆறாம் மாதத்தில் பேலியோ உண்டோர் உடற்கொழுப்பு மிகுதியாகக் குறைந்திருந்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் மற்ற உணவு உண்டோரோடு வேறுபாடு மறைந்தது. நெடுநாள் கடைப்பிடித்தல் அரிது என்பதை இது காட்டுகின்றது.

குருசுக்குப்பத்துத் தந்தைக்கு வேண்டுவது, தேங்கி நிற்கும் எரிபொருளைக் குறைப்பது. மகனுக்கு வேண்டுவது, நாள்தோறும் தீர்ந்துபோகும் எரிபொருளை நிரப்புவது. இருவர் தேவையும் எதிரெதிரானவை. ஆகவே தந்தை சொல்வது தம்மளவில் சரி. பிள்ளையின் கால் சொல்வதும் சரியே.

தந்தையர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர், மருத்துவர் அறியாமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். சிறுநீரக நோயுள்ளோர் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும்.

முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ குறைந்ததென்று மகிழ்வோரும் ஒன்றை அறிதல் வேண்டும். ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கின்றது. சோற்றை விட்டதும் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் இந்நீரும் அதனோடு உப்புமே. புதுவையின் புழுக்கத்தில் வியர்வை வடிய ஓடும் பிள்ளைக்குத் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வந்தால் வியப்பில்லை.

செய்யத்தக்கது

நாள்தோறும் ஒரு மணி அளவு ஓடுபவர், தம் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து கொள்ள வேண்டுமென்பது விளையாட்டு உணவியலாரின் கணக்கு. 55 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு ஏறத்தாழ 330 கிராம். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசியும், இரண்டு வாழைப்பழமும், ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கும், குழம்பிலுள்ள பருப்பும் சேர்ந்தால் இவ்வளவு கிடைத்துவிடும். ஓட்டமில்லா நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் போதும். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு; மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்கும் கடலோரக் குடும்பத்துக்கு இது பெரிய செலவன்று. பாதாம் பருப்புக்குக் கடன்பட வேண்டியதில்லை.

தாய்மார் இரண்டு சமையல் செய்து களைக்கவும் தேவையில்லை. மீன் குழம்பும் கீரையும் காய்கறியும் எல்லோர்க்கும் பொது. சோற்றின் அளவு மட்டுமே ஆளுக்கு ஆள் வேறுபடும். தந்தையின் தட்டில் காய்கறி ஏறட்டும். மகனின் தட்டில் சோறு ஏறட்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்து குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ண இதில் தடை ஏதுமில்லை.

வளரும் சிறுவர் சிறுமியர்க்கு இக்கடும் உணவுமுறை வேண்டவே வேண்டாம். ஓடும் பெண்பிள்ளைகளின் தாய்மார் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஓட்டத்துக்கு ஈடான உணவு இல்லையேல் மாதவிலக்கு நின்றுவிடும். எலும்பு வலுக்குன்றி விரிசல் காணும். அந்நிலையில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்குதல் கூடாது.

கொழுப்புணவால் பயனடையும் ஓட்டக்காரரும் உளர் என்பதை மறைக்கவில்லை. வேகத்தைப் பொருட்படுத்தாது 50, 100 கிலோமீட்டர் மெதுவாக ஓடும் முதிர்ந்தோர் சிலர்க்கு அது இசைகின்றது. ஆயினும், வேகம் நாடும் இளைஞனுக்கு அதுவன்று வழி.

போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு இறுதியாக ஒன்று கூறுவோம். எந்த உணவையும் போட்டி நாளன்று புதிதாகத் தொடங்காதீர். வாரத்துக்கு ஒருமுறை வரும் நீண்ட பயிற்சி ஓட்டமே அதற்கு உரைகல். முந்தின இரவு உண்டது, காலையில் உண்டது, ஓடிய தொலைவு, எடுத்த நேரம், கால்களின் நிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஒன்றரை மணிக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து சேர வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. சர்க்கரையும் உப்பும் கலந்த எலுமிச்சைச் சாறும் உதவும். எட்டு வாரம் இவ்வாறு எழுதிய பின், அக்குறிப்பேட்டைத் தந்தையும் மகனும் ஒன்றாக அமர்ந்து படித்துப் பார்க்கட்டும். வாதத்தால் தீராத வழக்கை அத்தாள்கள் தீர்த்துவைக்கும்.